பதினோராம் எண் கூண்டு

நான்கு மணி பத்து நிமிடத்துக்குப் பள்ளியின் கடைசி மணி அடிக்கும். நான்கு நாற்பதுக்குப் பாம்பன் வழியாகப் போகும் பாசஞ்சர். இடையில் உள்ள அரை மணி நேரத்தில் நான் இராமநாதபுரம் ஸ்டேஷனுக்கு நடந்துவிடுவது வழக்கம். அன்று நடக்கவில்லை. பூகோள அறையின் வாசலில் கிடந்த பெஞ்சின் ஓரத்தில், புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது நான் நாலாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். பங்குனி வெயில் தாழ்வாரத்துத் தூண்களைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. அறைக்குள் எங்கள் பூகோள ஆசிரியர் சந்தானம் சார் பையன்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசிக்கொண்டிருந்தார். ஐந்தாம் பாரத்தில் எந்த விருப்பப் பாடத்தை எடுப்பது, பிற்பாடு என்ன வேலைக்குப் போவது என்று ஆளுக்குப் பத்து நிமிடம் யோசனை சொல்வார். பெஞ்சில் எனக்கு முன்னால் ஐந்து பேர் இருந்தார்கள். நான் பெண்பிள்ளை என்று எனக்கும் அவர்களுக்கும் இடையில் இரண்டு பேர் உட்காரும் இடத்தை விட்டிருந்தார்கள்.

"ஏலே, நீ என்னன்னு சொல்லப் போற?"

"போலீஸ்னு சொல்லப் போறேன்."

"ஒன் ஒசரத்துக்கு நீ லத்தியத் தூக்க முடியாதுலே. லத்திதான் ஒன்னயத் தூக்கிட்டுப் போகணும்."

சிரித்தார்கள். பிறகு என் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். சொல்ல வேண்டியதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். இரண்டு வாக்கியங்கள். அழித்து அழித்து எழுதியதில் அந்த இடத்தில் தாள் மெலிந்து போயிருந்தது.

நான்கு நாற்பதுக்கு ரயில் ஊதியது. அந்த ஊதலை அன்றுவரை நான் ரயிலுக்குள் இருந்துதான் கேட்டிருக்கிறேன். ஊருக்குள் இருந்து கேட்டபோது அது வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு போகிற சத்தமாக இருந்தது.

கூண்டு ஏற்றுகிறவர்

என் அய்யாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் அழைப்போம். இந்தத் தொடரைத் தொடக்கம் முதல் வாசிப்பவர்களுக்கு அவரைக் கொஞ்சம் தெரிந்திருக்கும். பாம்பன் துறைமுகத்தில் அவருக்கு லஸ்கர் வேலை, அதாவது கடைநிலை ஊழியர். கரையில் உள்ள கொடிமரத்தில் புயல் கூண்டு ஏற்றுவதும் இறக்குவதும் அவர் பொறுப்பு.

நான் எழுதும் ஒவ்வொரு பகுதிக்கும் அவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வருகிறது. அதில் பாராட்டு இருக்காது. திருத்தம் மட்டும் இருக்கும். சென்ற பகுதிக்கு வந்தது இது: "கப்பல் போவதற்குப் பாலத்தைத் திறக்கிறவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு தள்ளுவதாக எழுதியிருக்கிறாய். தவறு. யாரும் பாடுவதில்லை. மூச்சு வாங்கும்."

அவர் சொல்வது சரி. நான் கேட்டதாக நினைத்த பாட்டு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

புயல் கூண்டு என்பது கறுப்புத் துணி போர்த்திய சட்டம். சில கூம்பு வடிவில் இருக்கும், சில பீப்பாய் போல இருக்கும். எதை எதன் மேல் தொங்கவிடுவது என்பதற்கு எண்கள் உண்டு. ஒன்று முதல் பதினொன்று வரை. எந்த எண் என்று சென்னையிலிருந்து தந்தி வரும். தந்தி வந்த சிறிது நேரத்தில் கூண்டு மேலே போய்விடும். கடலுக்குப் புறப்பட்ட படகுகள் அதைப் பார்த்துத் திரும்பிவிடும்.

தூரத்தில் இருக்கிற புயலைவிடக் கண்முன் தொங்குகிற கூண்டின் மேல்தான் மக்களுக்குக் கோபம் வரும். கரையில் மீன் காயவைக்கும் அந்தோணியம்மா ஒருமுறை எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"மூணு நாளாக் கூண்டத் தொங்கவிட்டிருக்கீகளே, காத்தையும் காணோம், மழையையும் காணோம். எங்க வீட்டு ஆம்பளைக வலையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காக. அத எறக்கினா என்ன?"

அய்யா சொன்னார்: "கயிறுதான் எங்கிட்ட இருக்கு, அந்தோணியம்மா. நம்பரு மெட்ராஸ்ல இருக்கு."

"அப்ப அந்த மெட்ராஸ்காரர இங்கன வந்து ஒரு நா எங்க அடுப்பப் பாக்கச் சொல்லுங்க."

அந்தோணியம்மா போன பிறகும் அந்தப் பேச்சு என்னை விட்டுப் போகவில்லை. மெட்ராஸ்காரர் யார்? எதைப் பார்த்து எண்ணைச் சொல்கிறார்? துறைமுக அலுவலகத்துச் சுவரில் காற்றழுத்தமானி ஒன்று இருந்தது. அய்யா அதை எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தார். பாதரசம் இறங்கினால் அவர் முகம் மாறும். அப்படி இறங்கிய ஒரு நாளில், "நீங்களே ஏத்திருங்கய்யா" என்றேன்.

"எனக்குத் தோணுனதுக்கெல்லாம் ஏத்த முடியாதும்மா. சொல்றவங்க சொல்லணும்."

"சொல்றவங்கள்ல பொம்பளைங்களும் இருக்காங்களா?"

அவர் யோசித்தார். "தெரியலயே. தந்தியில பேரு போட மாட்டாங்க."

சொல்கிறவளாக வேண்டும் என்று நான் நினைத்தது அன்றுதான். அதற்கு என்ன படிக்க வேண்டும் என்று சொல்லப் பாம்பனில் ஆள் இல்லை. எங்கள் கணக்கு வாத்தியார் வகுப்பில் பொதுவாகச் சொன்ன ஒரு தகவலை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டேன். ஐந்தாம் பாரத்தில் காம்போசிட் கணக்கு எடுப்பவர்கள்தான் கல்லூரியில் கணிதமோ பௌதிகமோ படிக்க முடியும். ஜெனரல் கணக்கு எடுத்தவர்களுக்கு அந்தக் கதவு அத்துடன் மூடிக்கொள்ளும்.

கண்ணாடி அலமாரி

சந்தானம் சார் எப்படி வழிகாட்டும் ஆசிரியரானார் என்பதை அவரே வகுப்பில் சொல்லியிருக்கிறார். சென்னையில் பத்து நாள் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்ததாம். யார் போகிறீர்கள் என்று தலைமையாசிரியர் கேட்டபோது மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்களாம். "நான் அன்னைக்குக் குனிய மறந்துட்டேன்" என்பார்.

பயிற்சி முடிந்து ஒரு கட்டுப் புத்தகங்களோடு திரும்பினார். பூகோள அறையின் மூலையில் ஒரு கண்ணாடி அலமாரி வைத்து அவற்றை அடுக்கினார். மேலே பலகையில் 'உன் வழி எது?' என்று வெள்ளை எழுத்தில் எழுதினார். ரயில்வே, காடு, சுருக்கெழுத்து, படகு கட்டுதல் என்று வேலைக்கு ஒரு புத்தகம். மேல்தட்டில் இடமிருந்து நான்காவதாக ஒரு மெல்லிய புத்தகம் இருந்தது. அதன் அட்டையில் மழைமானியும் காற்றுத் திசைகாட்டியும் வரையப்பட்டிருந்தன. கண்ணாடி வழியாக அந்த அட்டையை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அலமாரியை அவர் திறப்பது பள்ளி விட்ட பிறகு. அந்த நேரத்தில் நான் ஸ்டேஷன் சாலையில் நடந்துகொண்டிருப்பேன்.

அவர் மேம்போக்காக வேலை செய்தார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உழவர் வீட்டுப் பையன் ஒருவன் படிப்பை விடப் போவதாகச் சொன்னபோது திருப்புல்லாணி வரை சைக்கிளில் போய் அவன் அப்பாவிடம் பேசினார். அந்தப் பையன் இன்று மின்சார வேலையில் இருக்கிறான். மீனவர் வீட்டுப் பையன் ஒருவனைப் படகு கட்டும் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதவைத்து, தபால் தலையும் தாமே ஒட்டினார்.

எங்கள் வகுப்பில் பெண்கள் நால்வர். மற்ற மூவருக்கும் உள்ளூர். நான் ஒருத்திதான் ரயிலில் வருகிறவள். விருப்பப் பாடத்தை எழுதித் தரும் படிவங்களை வகுப்பில் கொடுத்த நாளில் நான்கு படிவங்கள் குறைந்தன. முன்வரிசையில் இருந்த எங்களைச் சார் ஒருமுறை பார்த்து, "பொம்பளப் பிள்ளைகளுக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அதில் கேலி இல்லை. அவசரத்தில் எல்லாரும் சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

மற்ற மூவரும் மறுநாளே போய் ஜெனரல் கணக்கு என்று சொல்லிவிட்டு வந்தார்கள். நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் வீட்டில் சொன்னேன். அய்யா 'காம்போசிட்' என்ற சொல்லை என்னை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை பாம்பன் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது சன்னல் பக்கம் வந்தார்.

"இன்னைக்கு நாலு நாப்பது வண்டி போனாப் போகட்டும். ஆறரை வண்டியில வா. நான் இங்கன நிக்கிறேன். அவருகிட்டச் சொல்லிட்டு வா."

ஒன்றரை மணி நேரம்

கடைசிப் பையனும் போன பிறகு சந்தானம் சார் அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

"நீ ஏம்மா இங்கன உக்காந்திருக்க? வண்டி போயிருச்சே?"

"ஒங்களப் பாக்கணும்னு..."

"ஒன் விருப்பப் பாடத்துக்கா? அத நானே காலையில எழுதி வச்சுட்டேனே. ஜெனரல் கணக்குப் போட்டிருக்கேன். காம்போசிட்டுக்கு சாயங்காலம் தனி வகுப்பு வைக்கிறாங்கம்மா, மணி அடிச்சதுக்கு அப்புறம். ஒனக்கு நாலு நாப்பது வண்டி. ஒரு பிள்ள தெனமும் ஆறரை வண்டியில பாலம் தாண்டிப் போறதுன்னா முடியுமா? ஒனக்குச் சங்கடம் வேணாம்னுதான் யோசிச்சுப் போட்டேன்."

அவர் முகத்தில் ஒரு சிறு திருப்தி இருந்தது. மாணவர்களில் யாருக்கு என்ன ரயில் என்பதை நினைவில் வைத்திருக்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? என் ரயிலை அவர் மறக்கவில்லை. அதை மட்டும்தான் அவர் அறிந்திருந்தார்.

"பட்டியல் நாளைக்குத்தான் ஹெட்மாஸ்டர்கிட்டப் போகுது" என்றும் சொன்னார். பிறகு, "சரி வா, ஸ்டேஷன் வரைக்கும் வாறேன். தனியா உக்கார வேணாம்" என்று முன்னால் நடந்தார்.

ஆறரை வண்டி வரும்வரை அவர் என்னோடு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடத்துக்காகக் காத்திருந்தவளுக்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்தது.

பிளாட்பாரத்தில் கருவாட்டுக் கூடைகள் அடுக்கியிருந்தன. இராமேஸ்வரம் போகும் வடக்கத்தி யாத்திரிகர்கள் செம்புகளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சார் இரண்டு வாழைப்பழம் வாங்கி ஒன்றை என்னிடம் கொடுத்தார். பழம் விற்றவர் கேட்டார்: "சாருக்கு மகளா?"

"மாணவி. நாலாம் பாரம்."

"அதான் வாயே தொறக்க மாட்டேங்குது. சாரு கூட இருந்தா எந்தப் பிள்ள பேசும்?"

சார் சிரித்தார். சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே, "ஒங்க அய்யாவுக்கு என்னம்மா வேல?" என்றார்.

"துறைமுகத்துல, சார். புயல் கூண்டு ஏத்துறாங்க."

சாவி நின்றது. "அட. நான் இருவது வருசமாப் பருவக்காத்துப் பாடம் நடத்துறேன். கூண்ட இன்னும் கண்ணால பாத்ததில்லம்மா. எத்தன கூண்டு?"

சொன்னேன். ஒன்றாம் எண்ணுக்குப் புயல் தூரத்தில் எங்கோ இருக்கிறது என்று பொருள். மூன்று என்றால் துறைமுகத்தில் காற்று பலக்கலாம். எட்டு முதல் பத்து வரை பேரபாயம். பகலில் கூண்டு, இருட்டினால் விளக்கு. பாதரசம் எப்படி இறங்கும், இறங்குகிற வேகத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த அனைத்தையும் சொன்னேன். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து நான் அவ்வளவு பேசியதில்லை. அவர் இடையிடையே கேள்வி கேட்டார். நல்ல கேள்விகள்.

"பதினொண்ணு எதுக்கு?"

"தந்திக் கம்பி அறுந்துட்டா, சார். மெட்ராஸ்ல இருந்து சேதி வரலேன்னா, இங்கன இருக்கிறவங்களே வானத்தப் பாத்து, ஆபத்துன்னு தோணுனா ஏத்திக்கிறது."

"அப்ப ஒங்க ஆபீசுக்கு அது ஒண்ணுதான் சொந்தக் கூண்டுன்னு சொல்லு."

"ஆமா சார். அய்யா இதுவரைக்கும் அத ஏத்துனதில்ல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கேட்பார் என்று நினைத்தேன். இரண்டு வாக்கியங்களும் தொண்டைக்கு வந்துவிட்டன.

"எவ்வளவு அழகா விளக்குற" என்றார். "நீ டீச்சர் ட்ரெயினிங் போம்மா. ஒங்கிட்டப் படிக்கிற பிள்ளைக குடுத்துவச்சதுக."

"சரி சார்" என்றேன்.

வண்டி வந்தது. பெண்கள் பெட்டி வரை வந்து ஏற்றிவிட்டார். கார்டு கொடி காட்டிய பிறகு அவருக்கு ஏதோ நினைவு வந்திருக்க வேண்டும். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஆமா, என்னயப் பாக்கணும்னுதான வந்த? என்ன விசயம்?"

நோட்டு என் மடியில் இருந்தது.

"ஒண்ணுமில்ல சார்."

வண்டி நகர்ந்தது. பெண்கள் பெட்டியில் என்னைத் தவிர யாரும் இல்லை. மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறியபோது இருபுறமும் கடல் இருண்டு கிடந்தது. நோட்டைத் திறந்து அந்த இரண்டு வாக்கியங்களையும் வாய்விட்டுப் படித்தேன். "சார், எனக்குக் காம்போசிட் கணக்கு வேண்டும். நான் வானிலை ஆபீசில் வேலை பார்க்க விரும்புகிறேன்." பாலத்து இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சொன்னேன் என்றேன்

பாம்பன் ஸ்டேஷனில் அய்யா நின்றுகொண்டிருந்தார். பையை வாங்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டார்.

"சொன்னியா?"

"சொன்னேன்யா."

"என்ன சொன்னாரு?"

"பாக்குறேன்னாரு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை ஆண்டுகளில் பலவிதமாகக் காரணம் தேடியிருக்கிறேன். நாலு நாற்பது வண்டியை நான் தவறவிட அய்யா சம்மதித்தார். ஊரார் என்ன சொல்வார்கள் என்று பாராமல் ஆறரை வண்டியில் வரச் சொன்னார். அவரிடம் போய், சார் கேட்டும் நான் வாய் திறக்கவில்லை என்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

அடுத்த வாரம் பட்டியல் வந்தது. "ஜெனரல் கணக்குத்தான் போட்டிருக்காங்க" என்று வீட்டில் சொன்னேன். அய்யா சட்டைப் பையிலிருந்த துண்டுத் தாளை எடுத்துப் பார்த்தார். "அப்ப அவரு பாக்கல" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

அது அத்துடன் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மறுவருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தானம் சார் நாற்பது பையன்களை இராமேஸ்வரத்துக்குச் சுற்றுலா அழைத்து வந்தார். வழியில் பாம்பனில் இறங்கித் துறைமுக அலுவலகத்துக்கு வந்தார்கள். நான் அய்யாவுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன்.

"நீங்கதான் இந்தப் பிள்ளையோட அய்யாவா? ஒங்க மக எனக்குப் பதினோரு கூண்டும் பாடம் எடுத்திருக்கு. பையன்களுக்கும் காட்டலாம்னுதான் எறங்குனேன்."

அய்யா கூண்டு வைக்கும் கொட்டகையின் கதவை மறித்து நின்றார். "ஆபீசர் உத்தரவு இல்லாமக் காட்ட முடியாது, சார்."

அப்படி ஓர் உத்தரவு கிடையாது. வழி கேட்க வந்த யாத்திரிகருக்குக்கூடக் கொட்டகையைத் திறந்து காட்டுகிறவர் அய்யா. சார் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "சட்டம்னா சட்டந்தானம்மா" என்று சிரித்தார். வரிசை திரும்பியது. மணலில் நாற்பது பேர் நடந்துபோன சத்தம் அடங்கும்வரை தூக்குச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது மதுரையில் ஒரு கல்லூரி விடுதியில் இருந்துகொண்டு இலக்கியம் படிக்கிறேன். கணிதமும் பௌதிகமும் அடைபட்டுவிட்ட பிறகு எனக்குத் திறந்திருந்த கதவு இது. உள்ளே வந்த பின் இதன் மேல் எனக்கு அன்பு உண்டாகிவிட்டது. அது வேறு விஷயம். ஆசிரியர்கள் எப்படி வழிகாட்டினார்கள் என்று விடுதித் தோழிகள் பேசும்போது நான் எழுந்து போய்விடுவேன். அவர்களுடைய குறைகளில் என் சார் பெயரைச் சேர்க்க முடியாது. அவர் என்னைக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்டபோது நான் சொல்லவில்லை என்பதும் உண்மை. இரண்டாவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அய்யா, இந்த இதழ் வியாழக்கிழமை பாம்பன் ஸ்டேஷன் கடைக்கு வரும். வழக்கம்போல நின்றபடியே வாசிப்பீர்கள். அந்தச் சாயங்காலம் நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் மறுக்கவில்லை.

சந்தானம் சார் ஓய்வு பெற்றுத் திருவாடானையில் இருக்கிறார். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி இங்கே என் அறைக்கு அடுத்த அறையில் இருக்கிறாள். அவள் எழுதிக் கொடுத்த விலாசத்தை உங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். இந்த வாரம் எனக்கு அஞ்சலட்டை வேண்டாம். அதை அவருக்கு எழுதுங்கள். கூண்டுகளைப் பார்க்க வரச் சொல்லி எழுதுங்கள்.